வழக்கு எண் என்ன சார்?

ஓர் ஆசிரியர் சங்கத்தில் ஒன்பது வருஷம் வட்டாரப் பொருளாளராக இருந்தேன். 2011லிருந்து 2020 வரை. அந்த ஒன்பது வருஷத்தில் ஒரே ஒருவர்தான் என்னிடம் கணக்கு கேட்டார். அவரையும் நான் உட்கார வைத்துவிட்டேன்.

சங்கத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தச் சங்கத்துக்காரர்கள் மறுப்பு எழுதுவார்கள், மற்ற சங்கத்துக்காரர்கள் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவார்கள். இரண்டுமே எனக்கு வேண்டாம். நெல்லைப் பக்கம் ஓர் ஒன்றியம், தொடக்கப்பள்ளி நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள், அவ்வளவு போதும். இதைப் படிக்கிற ஆசிரியர் எவரும் "இது எங்க சங்கம்தானே?" என்று கேட்கப்போகிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் ஆண்டுப் பொதுக்குழு எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை, ஏதாவது ஒரு நடுநிலைப்பள்ளியின் பெரிய வகுப்பறை. பத்து மணிக்குக் கொடியேற்றம் என்று அழைப்பிதழில் இருக்கும். மாவட்டத் தலைவர் பன்னிரண்டரைக்கு வருவார். வரவேற்புரை, அஞ்சலி, பணி நிறைவு பெறுகிறவர்களுக்குப் பொன்னாடை, பிறகு தலைவர் பேச்சு. 1980களின் போராட்டங்கள், சிறை, சிறையில் சாப்பிட்ட களி, அன்றைய அமைச்சரிடம் அவர் நேருக்கு நேராகக் கேட்ட கேள்வி. நன்றாகப் பேசுவார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை. அது முடியும்போது மணி ஒன்றே முக்கால். வெளியே பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டிருப்பார்கள். அப்போதுதான், "அடுத்து நமது பொருளாளர் வரவு செலவு வாசிப்பார்" என்று அறிவிப்பு வரும். நான் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பேன். செயலாளர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "வாசிச்சதா வச்சிக்கிடலாமா?" என்பார். கைதட்டல். வாசித்ததாக வைத்துக்கொள்வோம்.

தேர்தலும் இதே ரகம்தான். பெயர்ப்பட்டியல் மாவட்டத் தலைவரின் சட்டைப்பையில் வரும். முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன், ஏகமனதாக. நான் பொருளாளரானபோது அந்த அறையிலேயே இல்லை. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து, "சார், உங்களைப் பொருளாளராப் போட்டாச்சு, சாம்பார் வாளியை இங்க குடுங்க" என்றார்.

இதையெல்லாம் ஊழல் என்று நான் சொல்லவில்லை. வட்டார மட்டத்தில் திருடுவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. சந்தாவில் பாதிக்கு மேல் மேலே போய்விடும். மிச்சம் வாடகை, மைக்செட், பொன்னாடை, இறந்துபோன உறுப்பினர் வீட்டுக்கு ஒரு மாலை. இரண்டு வருஷம் கையிலிருந்து போட்டிருக்கிறேன். பணம் சரியாக இருந்ததால் கணக்கு கேட்க வேண்டியதில்லை என்று எல்லோரும் நினைத்தோம். கணக்கு என்றால் பணம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டதுதான் எங்கள் தப்பு.

அது எனக்கு உறைத்தது 2019 பிப்ரவரியில். ஆனால் கதை 2003லிருந்து தொடங்குகிறது.

2003 ஜூலை 2ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் நானும் இருந்தேன். பணியில் இருந்தவர்களின், ஓய்வு பெற்றவர்களின் சலுகைகளை அரசு வெட்டியதற்கு எதிரான போராட்டம் அது. தலைவர்களை நள்ளிரவில் வீடு புகுந்து கைது செய்தார்கள். அவசரச் சட்டம் வந்தது. சுமார் 1,70,000 பேர் ஒரேயடியாக வேலைநீக்கம். அதில் நானும் ஒருவன். மூத்தவளுக்கு அப்போது நாலு வயசு. மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். பிறகு உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஏற்பாடு வந்தது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதமும், நடத்தை விதி 22ஐ மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் மீண்டும் வேலை. எழுதிக் கொடுத்தேன். அந்த அலுவலகத் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய தலைமையாசிரியர் ஒருவர் "நிபந்தனையற்ற" என்பதில் ஒரு 'ற'வை விட்டுவிட்டு, அதை அடித்துத் திருத்தக் கூடாதே என்று இன்னொரு தாள் வாங்கினார். நாற்பது வருஷமாகப் பிள்ளைகளின் எழுத்துப்பிழையைத் திருத்திய மனிதர்.

அந்த ஆகஸ்ட் 6ஆம் தேதி, டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை, தார்மிக உரிமைகூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே தேதியில் தமிழ்நாடு அரசின் நிதித்துறை இன்னொரு அரசாணை போட்டது. எண் 259. 1.4.2003 முதல் பணியில் சேர்கிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். நாங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்த நாட்களில் அது வந்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. எங்களில் யாருடைய ஓய்வூதியமும் அதனால் போகவில்லை என்பதுதான் காரணம்.

ஆறு வருஷம் கழித்து இன்னொன்று. ஆறாவது ஊதியக்குழுவை ஒட்டிய அரசாணை 234, தேதி 1.6.2009. அதற்கு முந்தின நாள் வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். அன்றைக்கும் அதற்குப் பிறகும் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே படிப்பு, ஒரே வேலை, பல பள்ளிகளில் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. அடிப்படையில் 3,170 ரூபாய் வித்தியாசம், அதன்மேல் அகவிலைப்படி வித்தியாசம். ஒரே ஒரு நாள்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டு வெட்டும் அப்போது பணியில் இருந்தவர்கள் மேல் விழவில்லை. இனிமேல் வரப்போகிறவர்கள் மேல் விழுந்தன. இனிமேல் வரப்போகிறவன் சந்தா கட்டுவதில்லை, பொதுக்குழுவுக்கு வருவதில்லை, கைதூக்குவதில்லை. எந்தத் தலைவரும் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆட்சியாளர்களுக்கு இது நன்றாகப் புரிந்திருக்கிறது: சங்கத்தோடு மோதாமல் சங்கத்தைத் தோற்கடிக்கும் வழி இது. உள்ளே இருப்பவனை விட்டுவிடு, வாசலில் நிற்பவனின் பையில் கைவை. எங்கள் தலைவர்கள் துரோகம் செய்தார்கள் என்பதல்ல இதன் பொருள். அவர்கள் தங்கள் உறுப்பினர்களைக் காப்பாற்றினார்கள். உறுப்பினர் பட்டியலுக்கு வெளியே ஒரு தலைமுறை நிற்கிறது என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 8,370 பக்கத்தில் இருந்தவன் நான்.

2012 டிசம்பரில் தகுதித் தேர்வு எழுதி வந்த ஒரு பெரிய கூட்டம் பணியில் சேர்ந்தது. எங்கள் ஒன்றியத்துக்கும் ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருவர்தான் அந்த டீச்சர். பெயர் வேண்டாம். சேர்ந்த முதல் மாசமே சங்கத்தில் சேர்ந்தார். நான்தான் ரசீது போட்டேன். 2014ல் மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: 2009க்குப் பின் சேர்ந்தவர்களின் ஊதிய முரண்பாட்டுக்காக வழக்குத் தொடுக்கப்போகிறோம், பாதிக்கப்பட்டவர்கள் தலைக்கு 1,000 ரூபாய் வழக்கு நிதி தர வேண்டும். 64 பேரிடம் வாங்கினேன். ஒரே மூச்சில் எல்லோரும் கொடுத்துவிடவில்லை. சிலர் இரண்டு தவணை. ஒருவர், "சார், இந்த மாசம் பிரசவச் செலவு, அடுத்த மாசம் தாரேன்" என்று சொல்லி, சொன்னபடி கொடுத்தார். 64,000 ரூபாயை மாநிலக் கணக்குக்கு அனுப்பிவைத்தேன். ஒரு மாசம் கழித்து ரசீது வந்தது. கோப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் வழக்கைப் பற்றி ஒரு வரி வரும். "நல்லாப் போய்க்கிட்டு இருக்கு." "பெரிய வக்கீல் வச்சிருக்கோம்." "அடுத்த வாய்தாவுல முடிஞ்சிரும்."

2018 டிசம்பர் கடைசியில் இந்த இளைய இடைநிலை ஆசிரியர்கள் தாங்களே தனி அமைப்பாகத் திரண்டு சென்னையில் டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். குழந்தைகளோடு வந்து படுத்திருந்தார்கள். பலர் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எங்கள் மாவட்டத் தலைவர் அப்போது சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "தனிக்கடை போடுதானுவ. ஒற்றுமையைக் கெடுக்கதுக்குன்னே வந்தவனுவ." அவர்கள் தனிக்கடை போட்டது உண்மைதான். எங்கள் கடையில் அவர்களுக்குச் சரக்கு இல்லை என்பதும் உண்மைதானே.

தமிழ்நாட்டில் ஏன் இத்தனை ஆசிரியர் சங்கங்கள் என்று வெளியாட்கள் சிரிப்பார்கள். இடைநிலைக்கு ஒன்று, பட்டதாரிக்கு ஒன்று, முதுகலைக்கு ஒன்று, தலைமையாசிரியருக்கு ஒன்று, உடற்கல்விக்கு ஒன்று, பிறகு ஒவ்வொன்றும் இரண்டாக. சாதி, கட்சி, தனிமனிதச் சண்டை என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் உண்டு. ஆனால் உள்ளே கேள்வி கேட்டு, ஓட்டுப்போட்டு, ஒரு தலைவரை மாற்ற முடிகிற சங்கம் உடைய வேண்டியதில்லை. மாற்ற முடியாததால்தான் வெளியே போகிறார்கள். போய் அங்கேயும் ஒரு நிரந்தரத் தலைவரை உருவாக்குகிறார்கள், அது வேறு விஷயம். 1911லேயே ராபர்ட் மிச்செல்ஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் ஜனநாயகம் பேசும் கட்சிகளையும் சங்கங்களையும் ஆராய்ந்து, எந்த அமைப்பும் கடைசியில் சிலர் கைக்குள் போய்விடும், அது இரும்பு விதி என்று எழுதினார். விதி என்றால் நாம் என்ன செய்ய என்று கைகழுவ அது வசதி. எங்கள் ஒன்றியத்தில் அந்த விதியை நிலைநாட்ட ஓர் அண்டா பிரியாணி போதுமானதாக இருந்தது.

2019 ஜனவரி 22. ஜாக்டோ-ஜியோவின் காலவரையற்ற வேலைநிறுத்தம். பழைய ஓய்வூதியம் முதன்மையான கோரிக்கை, இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாடும் பட்டியலில் இருந்தது. 2003ல் மன்னிப்பு எழுதிய என் வயசுக்காரர்களுக்கு உள்ளுக்குள் நடுக்கம். இளையவர்களுக்கு அந்த நடுக்கம் இல்லை. மறியல், கைது, கல்யாண மண்டபம், சாயந்தரம் விடுதலை, மறுநாள் மறுபடியும். அரசு தற்காலிக ஆசிரியர்களை 10,000 ரூபாய்க்கு எடுக்கப்போவதாக அறிவித்தது. சிறைக்குப் போனவர்கள் தற்காலிகப் பணிநீக்கம் ஆனார்கள். அந்த டீச்சர் எட்டு நாளும் வந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் அவன் போலீஸ்காரர் ஒருவரிடம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

30ஆம் தேதி மாலை போராட்டம் வாபஸ். பொதுத்தேர்வு நெருங்குகிறது, மாணவர் நலன் கருதி, என்றார்கள். நாங்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கோரிக்கைகளில் எது கிடைத்தது என்று அந்தச் செய்தியில் இல்லை. வாபஸ் வாங்கியது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளின் பரீட்சை பொய்க் காரணமும் அல்ல, எங்கள் எல்லோர் மனசிலும் இருந்த காரணம். ஆனால் 22ஆம் தேதி அன்றைக்கும் ஜனவரிக்குப் பிறகு மார்ச் வரும் என்று தெரியும்தானே? எந்தப் புள்ளியில் நிறுத்துவோம், எது கிடைத்தால் நிறுத்துவோம், யாரைக் கேட்டு நிறுத்துவோம் என்று முன்கூட்டி முடிவு செய்யாமல் ஆயிரக்கணக்கானவர்களை வெளியே கூப்பிட்டது யார் பொறுப்பு?

வாபஸுக்குப் பிறகும் 17பி குறிப்பாணைகள் நின்றன. 17பி என்பது ஆசிரியருக்குப் பாம்பு மாதிரி. கடிக்கவேண்டியதுகூட இல்லை, வீட்டுக்குள் இருந்தாலே போதும், பதவி உயர்வு வராது. இரண்டு வருஷம் கழித்து அரசே அந்த நடவடிக்கைகளைக் கைவிட்டது. அதுவரை பயந்துகொண்டே இருந்தவர்களின் இரண்டு வருஷத்துக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

பிப்ரவரியில் எங்கள் வட்டாரக் கூட்டம். மாவட்டத் தலைவர் வந்திருந்தார். "இது தோல்வியில்லை, தற்காலிக ஒத்திவைப்பு" என்று பேசினார். அந்த டீச்சர் எழுந்தார். எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மேடையில் ஏறியவர்கள், நான் இருந்த ஒன்பது வருஷத்தில், வாழ்த்துப்பா பாடிய இரண்டு பேர்.

"ரெண்டு கேள்வி சார். வாபஸ் வாங்குறதுக்கு முன்னால எங்க யாரையாவது கேட்டீங்களா? அப்புறம், 2014ல ஆயிரம் ரூபாய் வாங்கினீங்கல்லா, அந்த வழக்கு எண் என்ன சார்? எண் இருந்தா நாங்களே ஹைகோர்ட் வெப்சைட்ல பாத்துக்கிடுவோம்."

மண்டபம் அமைதியாகிவிட்டது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் பொருளாளர். நான் எழுந்து, "டீச்சர், தலைவர் வந்திருக்கும்போது இதெல்லாம் கேக்குற நேரமா? உக்காருங்கம்மா. தனியாப் பேசிக்கிடலாம்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். தனியாகப் பேச வரவில்லை. அடுத்த வருஷச் சந்தா கட்டவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்கு வழக்கு எண் தெரியாது என்பது முதல் காரணம். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அரசு நம்மை நசுக்கப் பார்க்கிறது, பத்திரிகைகள் நம்மைத் திட்டுகின்றன, வாங்குற சம்பளத்துக்கு வேலை பாக்காங்களா என்று டீக்கடையில் பேசுகிறார்கள். இந்த நேரத்தில் வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா? இந்த வாதம் எப்போதும் தயாராக இருக்கும், ஏனென்றால் அரசு எப்போதும் நசுக்கத்தான் பார்க்கும். 'இந்த நேரத்தில்' என்பது முடியாத ஒரு நேரம். 2003ன் காயத்தை நாங்கள் கவசமாக்கிக்கொண்டோம். அந்தக் கவசம் அரசின் அம்பு எதையும் தடுக்கவில்லை. உள்ளிருந்து வந்த கேள்விகளைத் தடுத்தது.

வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ஆசிரியர் சங்கத் தலைவராக இருந்தவர் பார்பரா புல்லக். 2002ல் ஆசிரியர்களின் சம்பளத்தில் சந்தாப் பிடித்தம் வழக்கமான 16 டாலருக்குப் பதில் 160 டாலராக வந்தது. உறுப்பினர்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தேசிய அமைப்புக்குப் புகார் செய்தார்கள். தணிக்கை வந்தது. பல வருஷமாகத் தணிக்கை அறிக்கையே கொடுக்காமல் இருந்தது தெரிந்தது. ரோம உடைகள், வெள்ளிப் பாத்திரங்கள் என்று ஐம்பது லட்சம் டாலர் அளவுக்குச் சங்கப் பணம் போயிருந்தது. புல்லக்குக்கு ஒன்பது வருஷம் சிறை. இதைப் படித்தபோது என் முதல் எண்ணம், நம்ம ஆட்கள் இப்படியெல்லாம் செய்யவில்லையே என்ற நிம்மதி. இரண்டாவது எண்ணம்தான் தொந்தரவு செய்தது. அத்தனை வருஷம் அந்தச் சங்கமும் 'வாசிச்சதா' வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு தவறான பிடித்தம் இல்லாவிட்டால் அது இன்னும் நீண்டிருக்கும். தலைவரின் யோக்கியதை மேல் வைக்கிற நம்பிக்கை ஒரு ஏற்பாடு ஆகாது. யோக்கியர் இருக்கும்வரை அது தேவைப்படாது, இல்லாதபோது அது உதவாது.

ஏற்பாடு ஒன்று காகிதத்தில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆசிரியர் சட்டப்படி 'தொழிலாளி' அல்ல என்று 1988ல் சுந்தரம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் சங்கமும் தொழிற்சங்கச் சட்டத்தில் அல்ல, 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அந்தச் சட்டப்படி வருஷாவருஷம் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கோயில் திருப்பணிக் கமிட்டிக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் இதே சட்டம்தான். ஒன்பது வருஷம் பொருளாளராக இருந்த நான் அந்தப் பதிவாளர் அலுவலகத்தின் படியை ஒருநாளும் மிதித்ததில்லை. ஆண்டு விழாவில் குடவோலை முறை பற்றி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நாடகம் போட வைத்திருக்கிறேன். கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரிய உறுப்பினராக முடியாது என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வதை ஒரு பையன் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து சொல்வான். பெற்றோர் கைதட்டுவார்கள். நானும் தட்டினேன்.

2020ல் பொறுப்பிலிருந்து விலகினேன். கோப்புகளை அடுத்தவரிடம் கொடுக்கும் முன்னால் மாநிலப் பொதுச்செயலாளருக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் எழுதினேன். 2014ஆம் வருஷத்து வழக்கு நிதி, தொகை இவ்வளவு, வழக்கு எண்ணைத் தெரிவிக்கவும். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. மாவட்டத் தலைவர் மட்டும் போனில், "என்ன அண்ணாச்சி, போற நேரத்துல சங்கத்தைக் காட்டிக்குடுக்கியளா?" என்றார். முப்பது வருஷப் பழக்கம். எனக்குக் குரல் எழும்பவில்லை.

போன மாசம் ஒரு கல்யாண வீட்டில் அந்த டீச்சரைப் பார்த்தேன். பையன் வளர்ந்துவிட்டான். சாப்பிட்டு முடித்து வெளியே வந்து நின்றபோது நானே பேச்சை எடுத்தேன். அன்றைக்கு உங்களை உட்காரச் சொன்னது தப்பு டீச்சர் என்றேன். அதெல்லாம் விடுங்க சார் என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்தப் பழைய ரசீது நகல் ஏதும் உங்ககிட்ட இருக்கா என்று கேட்டார். இருந்தது. எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் அவர் பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்: நான் போட்ட 64 ரசீதுகளின் அடிக்கட்டை, மேலிருந்து வந்த ஒரு ரசீது.

வகுப்பறை வாசலிலேயே நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சார், நீங்க எங்களுக்குப் போட்டதுல 'வழக்கு நிதி'ன்னு இருக்கு. அவங்க உங்களுக்குப் போட்டதுல 'வளர்ச்சி நிதி'ன்னு இருக்கே. நீங்க இதை அப்பவே பாக்கலையா?"

பார்த்தேன் என்றேன்.